டில்லியில் வெளியே உண்பது

புலம் பெயர்ந்து வாழும் குடும்பம் தன் ஊரை நாவிலேயே இரு வகையாகக் காத்துக்கொள்கிறது. ஒன்று பேச்சு, மற்றொன்று சுவை. தலைநகருக்கு வந்த தமிழர், கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் முனிர்க்காவிலும் மயூர் விஹாரிலும் குடியேறிய நாள் தொட்டு இவ்விரண்டையும் போற்றியே வந்திருக்கின்றனர். பேச்சைக் காப்பதற்கு 1946ஆம் ஆண்டில் டில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. சுவையைக் காக்கும் பொறுப்பை நம் வீட்டு அடுக்களைகளும் சில ஓட்டல்களும் ஏற்றுக்கொண்டன.

அவ்வோட்டல்களுள் பெயர் பெற்றது கனாட் பிளேஸில் இருந்த மெட்ராஸ் ஓட்டல். ஊரிலிருந்து உத்தியோகம் தேடி வந்து, தனி அறையில் தங்கி, சோற்றுக்கும் சாம்பாருக்கும் ஏங்கிய எத்தனையோ இளைஞர்களுக்கு அது அன்னமிட்ட இடம். இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது மூடப்பட்டது. ஆயினும் அதனருகில் உள்ள பேருந்து நிறுத்தம் அதன் பெயரை விடவில்லை. ஆகவே, இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு மெட்ராஸ் ஓட்டல் என்பது பஸ் நிற்கும் இடத்தின் பெயர். அங்கே ஒரு காலத்தில் இலை விழுந்தது என்பதை நாம்தாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது நம்மைச் சிந்திக்க வைக்கிறது. வெளியே சென்று உண்பது வெறும் பொழுதுபோக்கு என்றும், வீண் செலவு என்றும் எண்ணும் பெரியோர் நம்மிடையே உண்டு. சிக்கனம் நல்லதே. ஆனால் ஒரு நகரத்தில் இருபது முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அதன் உப்பை அறியாமல் இருப்பது சிக்கனமாகாது. தென்னாட்டார் அனைவரையும் 'மதராஸி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்களே என்று நாம் வருந்துகிறோம். இட்டிலி, தோசை, சாம்பார் இவற்றுக்கு அப்பால் நமக்கு உணவே இல்லை என்று நினைக்கிறார்களே என்று குறைப்படுகிறோம். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? வடக்கத்தியர் உணவென்றால் சப்பாத்தி, சப்ஜி என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறோம். பஞ்சாபியர், சிந்தியர், பழைய டில்லி முஸ்லிம்கள், பனியாக்கள் என்னும் பிரிவுகள் நம் கண்ணில் படுவதில்லை.

இந்தக் குறை நீங்க வழி ஒன்றே. மாதத்துக்கு ஒருமுறையாவது குடும்பத்துடன் சென்று சுவைத்துப் பார்ப்பதுதான் அது. அவ்வாறு சுற்றுகிறவர்களுக்கு ஓர் உண்மை விரைவில் புலப்படும். டில்லியின் பேர்பெற்ற உணவுக்கடைகளில் பெரும்பாலானவை நம்மைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவர்கள் வைத்தவை.

முதலில் நமக்கு நெருங்கியதிலிருந்து தொடங்குவோம். 'சவுத் இந்தியன்' என்று பலகை மாட்டிய கடைகளில் சாம்பார் தித்திக்கிறது என்பது நம்மவர்களின் நீண்ட நாள் முறையீடு. இக்கடைகளில் பல உடுப்பிச் சமையல் மரபைச் சேர்ந்தவை. அந்த மரபில் சாம்பாருக்கு வெல்லம் சேர்ப்பது முறை, அது பிழையன்று. 1986இல் டிபன்ஸ் காலனியில் சாகர் என்னும் ஓட்டலைத் தொடங்கிய ஜெயராம் பனான், கன்னடக் கடற்கரைப் பகுதியான கார்க்களாவைச் சேர்ந்தவர். நாளடைவில் சாகர் ரத்னா என்ற பெயரில் பல கிளைகள் எழுந்தன. நம் தமிழ்நாட்டுப் பக்குவம் வேண்டுவோருக்குச் சரவண பவன் இருக்கிறது. காரசாரமான பருப்புப் பொடியும் நெய்யும் கலந்து உண்ண விரும்புவோர் இந்தியா கேட் அருகே உள்ள ஆந்திர பவன் உணவகத்துக்குச் செல்லலாம். இம்மூன்றையும் அடுத்தடுத்துச் சுவைத்தால், தென்னாடு ஒன்றன்று, பல என்பதை நம் பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமலே கற்றுக்கொள்வர்.

அடுத்து கனாட் பிளேஸின் வட்டத்துக்கு வருவோம். ஏ பிளாக்கில் உள்ள வெங்கர்ஸ் என்னும் பேக்கரி 1926இல் சுவிட்சர்லாந்து தம்பதியரால் தொடங்கப்பட்டது. 1945இல் இந்தியர் கைக்கு மாறிற்று. அங்கே உட்கார்ந்து உண்ண இடமில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியுள்ள பேஸ்ட்ரியையும் பேட்டிஸையும் வாங்கிக்கொண்டு, வெளியே தூண்கள் வரிசையாக நிற்கும் தாழ்வாரத்தில் நின்றபடியே தின்பவர் பலர். சுவிஸ் நாட்டார் தொடங்கிய கடையில் இன்று ஷாமி கபாபும் விற்பனையாகிறது. வந்த இடத்துக்குத் தன் பொருளைக் கொடுத்து, அவ்விடத்தின் பொருளைத் தானும் ஏற்றுக்கொண்டதனாலேயே அக்கடை நூறாண்டுக் காலம் நிலைத்தது என்று சொல்லலாம்.

சைவ உணவினருக்குப் பேக்கரியில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. சாதாரண ரொட்டியில் முட்டை சேர்ப்பது வழக்கமன்று. கேக்கிலும் பல பேஸ்ட்ரிகளிலும் சேர்ப்பதுண்டு. பொட்டலத்தில் அடைத்த பண்டமாயின், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். முட்டை கலந்திருந்தால் அப்புள்ளியைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பொட்டலமிடாத பண்டமாயின் தயங்காமல் கேட்டுவிட வேண்டும். முட்டையில்லாத கேக்குக்கு டில்லியில் பஞ்சமில்லை. முட்டைக்குப் பதிலாகத் தயிரோ கெட்டிப் பாலோ சேர்த்து மென்மை வரச் செய்கிறார்கள். பழைய டில்லித் தெருக்களில் வண்டிகளில் தணல்மீது சூடாக வைத்து விற்கும் நான்கதாய், மைதா, கடலை மாவு, சர்க்கரை, நெய் இவற்றால் ஆனது. நம் ஊர் பேக்கரிகளின் நெய் பிஸ்கட்டுக்கு அதை உடன்பிறப்பு என்றே கூறலாம்.

காப்பி இல்லாமல் நம் சுற்றுலா நிறைவுறாது. காப்பி போர்டு நடத்தி வந்த காப்பி ஹவுஸ்கள் 1957ஆம் ஆண்டளவில் மூடப்பட்டபோது வேலையிழந்த தொழிலாளர்கள், ஏ. கே. கோபாலன் அவர்களின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே கடை நடத்தத் தொடங்கினர். டில்லியில் அவர்கள் நடத்திய காப்பி ஹவுஸ், இப்போது பாலிகா பஜார் உள்ள இடத்தில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் அது இடிக்கப்பட்டது. பின்னர் மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் மேல்தளத்துக்குச் சென்றது. அங்கே கிடைக்கும் காப்பி கும்பகோணம் டிகிரி காப்பியாக இராது. ஆயினும் வேலையிழந்தவர்கள் கலைந்து போகாமல் ஒன்றுகூடி உருவாக்கிய நிறுவனத்தின் காப்பி என்று எண்ணிப் பருகினால் அதற்குத் தனிச்சுவை உண்டு.

1947ஆம் ஆண்டின் பிரிவினை இந்நகரத்தின் சமையலையே மாற்றியமைத்தது. வீடு வாசல் இழந்து பெஷாவரிலிருந்தும் லாகூரிலிருந்தும் வந்தவர்கள், கையில் இருந்த ஒரே மூலதனமாகிய சமையல் தொழிலைக் கொண்டு பிழைத்தனர். பெஷாவரிலிருந்து வந்த குந்தன்லால் குஜ்ரால் முதலியோர் தரியாகஞ்சில் தொடங்கிய மோத்தி மஹால், தந்தூரிக் கோழியைத் தலைநகரில் பிரசித்தமாக்கிற்று. சைவர்களுக்கும் அந்தப் பஞ்சாபிய வரவில் பங்குண்டு. பகார்கஞ்சில் சீதாராம் திவான் சந்த் கடையின் சோலே பட்டூரா அதற்குச் சான்று. தயிர் விட்டுப் புளிக்கவைத்த மைதா மாவை எண்ணெயில் பொரித்தெடுப்பது பட்டூரா. ஆதலின் வயிற்றுக்குக் கனமானது. காலையில் உண்டு, பகலுணவைத் தவிர்ப்பது உசிதம்.

பழைய டில்லியில் ஜும்மா மசூதியின் அருகே ஹாஜி கரீமுதீன் 1913இல் தொடங்கிய கரீம் ஓட்டல் அசைவர்களுக்கு அறிமுகம் தேவையில்லாதது. ஃபதேபுரியில் சிந்தி மிட்டாய்க்காரர் சைனாராம் கடையில் கராச்சி அல்வா கிடைக்கும். நம்மவர் அதை வாயிலிட்டதும் திருநெல்வேலி அல்வாவை நினைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்குவதுண்டு. ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. திருநெல்வேலியில் புகழ்பெற்ற இருட்டுக்கடையை நடத்துபவர்கள் ராஜஸ்தானத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார். வடக்கே இருந்து சென்றவர் கைப்பக்குவத்தை நாம் 'நம் ஊர்ப் பண்டம்' என்று பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அவ்வாறிருக்க, நாம் வந்து குடியேறிய ஊரின் பண்டத்தை நம்முடையதாகக் கொள்வதற்கு என்ன தடை?

செலவைப் பற்றியும் சில சொற்கள். தனித்து நடக்கும் சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். 'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லில் சேர்ப்பது வேறு, அது வரியன்று. அதைக் கட்டாயமாக வசூலிக்கலாகாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட நெறிமுறைகளை டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகையால் அதை நீக்கும்படி மரியாதையாகக் கேட்கலாம். மனமுவந்து பரிமாறியவர் கையில் கொடுப்பது நம் விருப்பம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

கைப்பேசியில் சொன்னால் எந்த உணவும் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிற காலம் இது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அது பேருதவி. ஆனால் பொட்டலத்தில் வருவது பண்டம் மட்டுமே. அடுத்த மேசைக்காரரின் பேச்சும், பரிமாறுபவரின் ஊர்க்கதையும், தெருவின் மணமும் உடன் வருவதில்லை. பிள்ளைகள் ஒரு நகரத்தைத் தமதென்று உணர்வது அவற்றால்தான். அன்றியும், வாடகையும் வழக்கும் வாரிசின்மையும் ஒரு கடையை மூடச் செய்யலாம். அவற்றை நாம் தடுக்க இயலாது. ஆட்கள் வராமையால் மூடப்படுவதை மட்டும் தடுக்க இயலும். அன்பர்கள் ஒரு மாதம் நம்மவர் கடைக்கும் மறுமாதம் பிறர் கடைக்குமாகக் குடும்பத்துடன் சென்று வருவார்களாக. திறந்திருக்கும் கடைகளைத் திறந்தே வைத்திருப்பது நம் கால்களில் இருக்கிறது.