சட்டம் சொன்ன கூலிக்கு 12 ஆண்டுக் காத்திருப்பு

காலை வேளையில் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் போய் நின்று பாருங்கள், தோழர்களே! செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் மின்சார ரயில் ஒவ்வொன்றும் பெண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறது. தோளிலே பை, பையிலே சோற்று டப்பா, கழுத்திலே கம்பெனி அட்டை. நடை மட்டும் ஓட்டமாக இருக்கும். ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்கிறார்கள். மத்திய சர்க்கார் 1984-ல் ஏற்படுத்திய ஏற்றுமதி மண்டலம், மக்கள் வாயில் 'மெப்ஸ்', அவர்களை விழுங்கிக் கொள்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அங்கே உண்டு. நாம் பேசுவது தையல் மிஷினைப் பற்றி.

தையல் வேலையிலிருக்கும் சகோதரிகள் நம்மிடம் சொன்னவை இரண்டு. ஒன்று, மணிக்கு இத்தனை உருப்படி என்ற டார்கெட். அது குறைந்தால் சூப்பர்வைசர் வாயிலிருந்து வருவதை இங்கே அச்சிட முடியாது. தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று தாகத்தை அடக்கிக் கொள்கிறவர்களும் உண்டாம். மற்றொன்று சம்பளம். அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன சொல்லிற்று? ஐந்தாண்டுக்கு மேற்படாமல் கூலியைத் திருத்தியாக வேண்டும் என்றது. நம் ராஜ்யத்தில் தையல் தொழிலுக்கு நடந்தது என்ன? 2004-க்குப் பிறகு, 2014-ல்தான் புதிய விகிதம் வந்தது. அதிகபட்சம் 30 சதவீத உயர்வு. அந்த டிசம்பர் முதல் அமல். அதையாவது கொடுத்தார்களா? நூற்றுக்கணக்கான முதலாளிகள் ஐக்கோர்ட்டுக்குப் போனார்கள்! கடைசியில் 2016 ஜூலையில் சென்னை ஐக்கோர்ட் அவர்கள் மனுக்களைத் தள்ளி, பாக்கியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிற்று. 12 ஆண்டுகளில் முதல் உயர்வு!

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் குறைந்தது என்று வையுங்கள். 2014 டிசம்பர் முதல் 2016 ஜூலை வரை 20 மாதம், 20,000 ரூபாய். வட்டியில்லாமல் அவள் முதலாளிக்குக் கொடுத்த கடன் இது. அவளோ அதே மாதங்களில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருப்பாள். இடையில் கம்பெனி மாறியவள் பாடு இன்னும் மோசம். பழைய கம்பெனி வாசலில் போய் நின்றால் காவல்காரன் உள்ளே விடுவானா?

"வருஷா வருஷம் பஞ்சப்படி ஏறத்தானே செய்கிறது" என்பார்கள் நிர்வாகத்தார். ஏறுகிறது. அரிசி விலை ஏறியதற்குப் பின்னால் ஓடிவருவதற்குப் பெயர்தான் பஞ்சப்படி. அது கூலி உயர்வாகாது. "கூலி ஏறினால் ஆர்டர் வங்காளதேசத்துக்குப் போய்விடும்" என்பது அடுத்த பல்லவி. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டிடம் இடிந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தையல் தொழிலாளர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பைக் கண்டும் அவர்களை உள்ளே அனுப்பினார்கள். அந்த மலிவோடா நம் பெண்கள் போட்டியிட வேண்டும்?

சங்கம் இருந்தால் இத்தனை ஆண்டு இழுத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கப்புறமும் ஐக்கோர்ட் உத்தரவு வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. மே மாதத்திலேயே கூலி ஒப்பந்தமும் வந்தது என்பதைக் கவனியுங்கள். ஆயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் நின்றவர்களுக்கே இந்தப் பாடு! சிறு சிறு கம்பெனிகளில் சிதறிக் கிடக்கும் பெண்களுக்கு?

இதற்கிடையே பழைய கூலிச் சட்டம் போய்விட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய கூலித் தொகுப்பு அமலில் இருக்கிறது. அதிலும் ஐந்தாண்டுக் கெடு உண்டு. ஆனால் 'சாதாரணமாக' என்றொரு சொல்லையும் கூடவே நுழைத்திருக்கிறார்கள். கட்டாயமாயிருந்தபோதே பத்தாண்டு இழுத்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதாதா?

சானடோரியம் வாசலில் துண்டறிக்கை கொடுக்கப் போகும் தோழர்கள், வரும் சம்பள நாளன்று ஒன்று கேட்டுவர வேண்டும்: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் தனித்தனியே எழுதிய சம்பளச் சீட்டு கையில் தருகிறார்களா? இல்லையென்று சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று குறித்து வாருங்கள்.