கல்முனைக் கரையோரத்தில் இரு நாட்கள்

விடுமுறை வந்துவிட்டால் மலைநாட்டிற்கும் தலைநகருக்கும் மூட்டை கட்டுவது நம்மவர் வழக்கம். வாசலருகே விரிந்து கிடக்கும் கடற்கரையைக் காணவென்று எவரும் புறப்படுவதில்லை. இக்குறையைப் போக்க எண்ணி, சென்ற ஆவணி விடுமுறையில் நண்பர் நால்வரும் நமது துவிச்சக்கர வண்டிகளைத் துடைத்து எண்ணெயிட்டோம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். ஒரு நாளில் ஓடி முடிக்கவும் கூடும். ஆயினும் இடையில் ஓரிரவைக் கடற்கரையிற் கூடாரமடித்துக் கழிப்பதென முடிவு செய்தோம்.

இம்முடிவைக் கேட்டு மூவர் மகிழ்ந்தோம். நாலாமவர் பேசாதிருந்தார். சாய்ந்தமருதைச் சேர்ந்த அந்நண்பர், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் தம் உம்மாவைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். அப்போது அவருக்கு வயது ஆறு. அதன்பின் ஓரிரவேனும் அவர் கடலருகே உறங்கியதில்லை. “வருகிறேன், உறக்கம் வராவிட்டால் குறை சொல்லாதீர்கள்” என்று மட்டும் கூறினார்.

விடியற்காலை 5 மணிக்குக் கல்லடிப் பாலத்தைக் கடந்தோம். ஆளுக்கொரு போர்வை, இரண்டு கூடாரங்கள், ஒரு கேத்தல், காற்றுப் பம்பு, ரியூப் ஒட்டும் பசை, குடிநீர்: இவையே நம் சுமை. பெரியநீலாவணையுடன் அம்பாறை மாவட்டம் தொடங்குகின்றது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டம் இது.

மருதமுனைக்குள் நுழைந்ததும் தறிகளின் ஓசை காதில் விழுந்தது. சாரமும் சேலையும் நெய்யும் கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊரல்லவா! அடுத்த ஊர் பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் தீமிதிப்பால் புகழ்பெற்றது. அதனையடுத்துக் கல்முனை, நாகூர் ஆண்டகை பேரில் கொடியேற்றம் நிகழும் கடற்கரைப் பள்ளிவாசல் இங்கேதான் இருக்கின்றது. பின்னர் சாய்ந்தமருது. அதற்கும் தெற்கே, 1892 இல் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாலையில் இருவகைப் பூக்களைத் தொடுத்தாற்போல் அமைந்த இவ்வழகைப் பேருந்தில் விரைவோர் காண்பதரிது. வண்டி மிதிப்பவனுக்கோ, பாங்கொலி தேய்ந்து கோயில் மணி எழும் இடம்கூடத் தெரியும்.

நிந்தவூரில் வீதியோரமெங்கும் சிறுபோக நெல் காயப்போடப்பட்டிருந்தது. மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வயல்கள். 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்தின் நீர் இப்பகுதி வயல்களின் உயிர்நாடி. நண்பகல் ஏற ஏற மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் அடித்தது. களியோடைப் பாலத்தருகே நிழல் கண்டு இளைப்பாறினோம்.

ஒலுவிலில் வெளிச்சவீட்டையும் 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தையும் பார்த்தோம். மாணவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இங்குண்டு. கடலோட்டம் இக்கரை நெடுகத் தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து செல்கின்றது. துறைமுகத்தின் கல்லணை அம்மணலைத் தடுக்கவே, தெற்கே மணல் குவிகின்றது. மணல் கிடைக்காத வடகரையை அலை அரித்துத் தின்கின்றது. வேரோடு சாய்ந்த தென்னைகளே இதற்குச் சாட்சி.

மாலையில் பாலமுனைக் கடற்கரையை அடைந்தோம். வெண்மணலிற் கூடாரமடிக்க முளை அறைந்துகொண்டிருந்தபோது, மீன்வாடியிலிருந்து முதியவர் ஒருவர் வந்தார்.

“எந்த ஊர் மகன்? இதிலே கூடாரம் அடிக்காதீங்க. விடிய வலை வந்து ஏறுகிற இடம் இது. வாடிக்குப் பின்னாலே தென்னையடிக்கு வாங்க” என்றார்.

அவர் சொற்படி இடம் மாறினோம். அவர் வீட்டிலிருந்து இடியப்பமும் சம்பலும், படுப்பதற்குப் பன்பாயும் வந்தன. நண்பர் எந்த ஊரென்று விசாரித்தறிந்த முதியவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. சுமாத்திராவுக்கருகே கடலடியில் பிறந்த பேரலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இக்கரையை வந்தடைந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மாண்டோர் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர். இக்கரையில் அத்துயர் தீண்டாத குடும்பங்கள் மிகச் சில. “விடியக் கயிறு பிடிக்க ஆள் காணாது. நீயும் வா மகன்” என்று மட்டும் நண்பரிடம் சொல்லிச் சென்றார்.

அன்றிரவு நாம் மூவரும் அயர்ந்து உறங்கினோம். நள்ளிரவில் விழித்தபோது, நண்பர் கூடாரத்துக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். நாம் அழைக்கவில்லை.

விடிந்ததும் அம்பாப் பாட்டின் ஒலி கேட்டு எழுந்தோம். கரைவலையின் கயிற்றை இருபுறமும் வரிசையாய் நின்று இழுத்துக்கொண்டிருந்தனர். அவ்வரிசையில் இடுப்பளவு நீரில் நம் நண்பரும் நின்றார்! நாமும் ஓடிப்போய்க் கயிற்றைப் பற்றினோம். அரைமணியில் உள்ளங்கை கன்றிவிட்டது. வலை கரையேறியபின், கயிறு பிடித்தோர் பங்கென்று ஒரு கோர்வை மீனை முதியவர் நண்பரிடம் நீட்டினார். வாடியிலேயே அதைச் சுட்டு உண்டோம். பின்பு நண்பர் வாப்பாவுக்குத் தொலைபேசியில் அழைத்து, “கடலுக்குள் இறங்கினேன் வாப்பா” என்றார். மறுமுனையிலிருந்து நெடுநேரம் பேச்சு வரவில்லை.

அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், சித்திரவேலாயுதர் கோயில் கொண்ட திருக்கோவில், கோமாரி என மிதித்து, மாலையில் பொத்துவிலையும் அதனையடுத்த அறுகம்குடாவையும் அடைந்தோம். அலைச்சறுக்கு விளையாட வந்த வெளிநாட்டார் அங்கே நிறைந்திருந்தனர். அப்பால் பாணமை செல்லும் வழியில் யானைகள் வீதியைக் கடப்பதுண்டு. ஆதலின் பொழுது சாய்ந்தபின் அப்பக்கம் செல்லாது திரும்பினோம்.

இப்பயணத்தை விரும்பும் மாணவர்க்குச் சில சொற்கள். கார்த்திகை முதல் தை வரை பெருமழைக் காலம். அப்போது புறப்பட வேண்டாம். காலையிலும் மாலையிலும் மிதித்து, உச்சி வெயிலில் ஓய்ந்திருங்கள். தொழுகை வேளையிலும் பூசை வேளையிலும் அடக்கமாகச் செல்லுங்கள். குப்பையை மணலில் விட்டுவராதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கூடாரமடிக்குமுன் அங்குள்ளோரிடம் ஒரு சொல் கேளுங்கள். ஆளில்லாத வெறுங்கரை போல் தோன்றுவது, ஒருவர் வலையேற்றும் தொழிலிடமாய் இருக்கக்கூடும். மற்றொருவர் வீடு இருந்த நிலமாகவும் இருக்கக்கூடும்.

வரும் விடுமுறையில் நண்பர் மீண்டும் பாலமுனைக்குச் செல்லவிருக்கின்றார். இம்முறை அவருடன் வாப்பாவும் வருகின்றாராம்.