வெள்ளைக் கழிச்சலும் முதல் சீம்பாலும்

கன்று பிறந்த அன்று துள்ளி எழுந்து பால் குடித்திருக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நீர்போல் கழியத் தொடங்கும். மறுநாள் கண் குழிவிழுந்து படுத்துவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. போவது கிடேரிக் கன்றானால் இன்னும் மூன்று ஆண்டில் கறக்க வேண்டிய மாடே போயிற்று என்று கொள்ள வேண்டும்.

கண் பட்டுவிட்டது என்பார்கள்; பால் அதிகம் குடித்துவிட்டது என்பார்கள். அதிகப் பாலும் கழிச்சல் தரும் என்பது மெய்தான். ஆனால் பிறந்த நான்கைந்து நாளுக்குள் கன்றைக் கொண்டுபோகும் கழிச்சலுக்கு முக்கியக் காரணம் ஈ. கோலை என்னும் நுண்கிருமி.

ஈ. கோலை எல்லா மாட்டின் குடலிலும், ஏன், நம் குடலிலும் இருப்பதுதான். பெரும்பாலானவை தீங்கற்றவை. குடல் ஓயாமல் உள்ளிருப்பதைக் கீழே தள்ளிக்கொண்டே இருப்பதால், பிடிமானம் இல்லாத கிருமி சாணத்தோடு வெளியேறிவிடும். கன்றைக் கொல்லும் வகைக்கோ உடலெங்கும் நுண்ணிய இழைகள் உண்டு. கே-99 என்று பெயரிடப்பட்ட இவ்விழைகள், நாயுருவி விதை வேட்டியில் பற்றுவதுபோல் சிறுகுடலின் உட்சவ்வில் பற்றிக்கொள்ளும். கண்ட இடத்தில் ஒட்டா. சவ்வின் மேல் உள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளில் மட்டுமே ஒட்டும். அந்தப் பொருள் கன்றின் குடலில் முதல் சில நாட்களில்தான் மிகுதி. வயது ஏற ஏறப் பிடிப்பு கிடைப்பதில்லை. ஒரு வாரம் தாண்டிய கன்றை இந்த வகை அவ்வளவாகத் தொடாததன் காரணம் இதுவே.

பற்றிய கிருமி குடலைக் கிழிப்பதில்லை. அங்கேயே பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சினால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் குடலுக்குள் கொட்டும். கழிச்சல் நோய்களில் இப்படி ஒரு நஞ்சு வேலை செய்வதை விளங்க வைத்தவர் நம் நாட்டு அறிஞர், கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. முயலின் குடலில் சோதனை செய்து 1956-ல் ஈ. கோலையைப் பற்றியும், 1959-ல் காலராக் கிருமியின் நஞ்சைப் பற்றியும் எழுதினார். அவருக்கு வாழ்நாளில் கிடைத்த பெருமை போதாது என்பதே என் எண்ணம்.

ஆக, கிருமி பற்றாமல் பார்த்துக்கொண்டால் பாதி வெற்றி. அதற்குச் சீம்பாலை விடச் சிறந்த மருந்து இல்லை. மனிதக் குழந்தை தாயின் வயிற்றிலேயே ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி வழியே கன்றுக்கு அது போவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். கன்றின் குடல் அதை அப்படியே இரத்தத்தில் சேர்ப்பது முதல் 24 மணி நேரம் வரைதான். அதிலும் முதல் ஆறு மணிக்குப் பிறகு மளமளவென்று குறையும். குடலில் தங்கும் பங்கு கிருமியின் இழைகளை மூடி, ஒட்டவிடாமல் செய்யும். ஆகவே மூன்று நான்கு நாளும் சீம்பாலே கொடுக்க வேண்டும்.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றுக்குப் பால் காட்ட வேண்டும் என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இதைக் கைவிட வேண்டும். கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் குடலின் கதவு மூடத் தொடங்கிவிடும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் மூன்று லிட்டர் சேர வேண்டும். அதில் பாதியை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். அண்டை வீட்டாருக்குச் சீம்பால் கொடுப்பது கன்று வயிறு நிறைந்த பிறகு இருக்கட்டும்.

கிருமி உள்ளே போகும் வழி வாய். நம் பக்கத்தில் மனைகள் பெருகித் தொழுவம் சுருங்கிவிட்டது. பசுவும் கன்றும் சாணக்குவியலும் ஓரிடத்திலேயே. சாணம் அப்பிய மடியைக் கன்று முட்டித் தேடும்போதே கிருமி போய்விடும். ஈனுமுன் மடியையும் தொடையையும் கழுவித் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை காயாது. கன்றுக்கு மட்டுமாவது மேடான இடத்தில் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள்.

கழிச்சல் கண்டால் பாலை அடியோடு நிறுத்த வேண்டாம். சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இடையிடையே, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கரைத்துக் கொடுங்கள். சர்க்கரை எதற்கு என்றால், நஞ்சு தாக்கிய குடலும் சர்க்கரையோடு சேர்ந்து வரும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். உப்பின் பின்னால் நீரும் போகும். வாய் சில்லிட்டு, விரலை வைத்தாலும் சப்பாத கன்றுக்கு இது போதாது. ஊசி வழியே நீர் ஏற்ற வேண்டும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை நீங்களாகவே கொடுப்பது நல்லதல்ல.

கே-99 வகைக்கு மனிதக் குடலில் பிடிமானம் இல்லை. ஆனால் கழியும் கன்றின் சாணத்தில் சால்மோனெல்லா என்ற வேறு கிருமியும் இருக்கக்கூடும்; அது மனிதரையும் தாக்கும். கன்றைத் துடைத்த கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கறவைக்கு உட்காருங்கள். அந்தச் சாணத்தைப் பச்சையாகக் கீரைப் பாத்தியில் போடாமல், குழியில் மட்கவிட்டுப் பிறகு எடுங்கள்.