பாதாளத்துக்குத் தப்பிய பொன்

உங்கள் வீட்டுப் பெட்டியில் பட்டுத் துணியில் முடிந்து வைத்திருக்கும் நகையை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். மஹராகப் பெற்ற சங்கிலியாக அது இருக்கலாம். தாய் தன் காதிலிருந்து கழற்றி மகளுக்கு அணிவித்த அலுக்கத்தாக இருக்கலாம். இன்று பவுன் என்ன விலை என்று அடிக்கடி கேட்கிறோம். இந்தப் பொன் பூமிக்குள் எப்படி வந்தது என்று கேட்டதுண்டா?

வேப்பனப்பள்ளியைச் சுற்றி வாழும் மக்களுக்கு இந்தக் கேள்வி அயலானது அன்று. மாநில எல்லையைத் தாண்டி வடக்கே சற்றுத் தொலைவு சென்றால் கோலார் தங்கவயல் வந்துவிடும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே வேலையைத் தொடங்கினர். வட ஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சென்று அந்தச் சுரங்கங்களில் உழைத்தனர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்படும் வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கிருந்து எடுக்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது.

ஆனால் பூமியின் தங்கத்தில் மிகப் பெரும்பகுதி அதைவிட எத்தனையோ மடங்கு ஆழத்தில், எவர் கையும் எட்டாத இடத்தில் கிடக்கிறது. 2,890 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் கருவமே அந்த இடம்!

உலையில் நடப்பதே உலகிலும் நடந்தது

ஒசூர்ப் பகுதி வார்ப்பாலைகளில் வேலை செய்யும் சகோதரர்கள் தினமும் காணும் காட்சி ஒன்று உண்டு. உலையில் இரும்பு உருகியதும் கனமான உலோகம் அடியில் தங்கும். இலேசான கசடு மேலே மிதக்கும். சுமார் 454 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான நம் பூமியும் தன் இளமையில் இத்தகைய உலையாகவே இருந்தது. விண்ணிலிருந்து பெரும் பாறைகள் வந்து மோதிய வெப்பத்தில் அது உருகிற்று. உருகிய இரும்பு சொட்டுச் சொட்டாகக் கீழிறங்கி நடுவில் திரண்டது. அதுவே கருவம். மேலே எஞ்சிய பாறைக் குழம்பு இறுகிக் கவசம் ஆயிற்று.

இரும்பு தனியே போகவில்லை. சில உலோகங்கள் பாறையைவிட இரும்போடு சேர்ந்திருப்பதையே விரும்புபவை. வேதியியல் மேதை விக்டர் கோல்ட்ஷ்மிட் 1920களில் இவற்றை இரும்பை நாடும் தனிமங்கள் என்று வகைப்படுத்தினார். நிக்கலும் கோபால்ட்டும் அவ்வகையின. தங்கம், பிளாட்டினம், இரிடியம் ஆகியவை இன்னும் தீவிரமானவை. இரும்பு இறங்கியபோது இவற்றையும் வாரிக்கொண்டு இறங்கிற்று. மக்னீசியம், அலுமினியம், கால்சியம் போன்றவை பாறையோடு கவசத்திலேயே தங்கிவிட்டன.

எவ்வளவு இழந்தோம் தெரியுமா? பூமி உருவான மூலப்பொருளை ஒத்த விண்கற்களில் ஆயிரம் டன்னுக்கு ஏறத்தாழ 150 கிராம் தங்கம் உண்டு. கவசப் பாறையிலோ ஆயிரம் டன்னுக்கு ஒரே ஒரு கிராம்தான்! ஒரு பவுனுக்கு எட்டாயிரம் டன் பாறை வேண்டும். பத்து டன் லாரியில் ஏற்றினால் எண்ணூறு லாரிகள்!

அந்த ஒரு கிராம் எப்படி வந்தது?

இங்கேதான் ஒரு புதிர். உலைக் கணக்குப்படி பார்த்தால் அந்த ஒரு கிராமும் மிஞ்சியிருக்கக் கூடாது. மேலும், கவசத்தில் பிளாட்டினம், இரிடியம் முதலிய உலோகங்கள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் விண்கற்களில் உள்ள விகிதத்தையே ஒத்திருக்கிறது. ஆகவே, கருவம் பிரிந்து முடிந்த பின்னரும் விண்கற்கள் வந்து விழுந்தன. அவை கொணர்ந்த தங்கம் மூழ்க வழியின்றிக் கவசத்தில் கலந்துவிட்டது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படி வந்து சேர்ந்தது கவசத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே.

2011இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு சான்று காட்டினர். கிரீன்லாந்தின் ஏறத்தாழ 380 கோடி ஆண்டுப் பழம்பாறைகளில் உள்ள டங்ஸ்டனின் அணு வகைகளை அவர்கள் அளந்தனர். இன்றைய பாறைகளில் உள்ளதிலிருந்து அது மிகச் சிறிதளவு வேறுபட்டிருந்தது. விண்கல் கலப்பு முழுமையாகச் சேராத பழைய கவசத்தின் அடையாளம் அது என்பது அவர்கள் முடிவு.

கருவத்தின் கதவும் முற்றாக மூடவில்லை போலும்! ஹவாய் எரிமலைப் பாறைகளின் ருத்தேனியத்தை ஆராய்ந்த ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தார், கருவப் பொருள் சிறிதளவு மேலே கசிகிறது என்று 2025இல் அறிவித்தனர்.

கோலாரின் கரும்பாறை

இனி நம் எல்லைக்கு வருவோம். கோலாரின் கரும்பச்சைப் பாறைகள் சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கவசத்தின் ஆழத்தில் உருகி மேலெழுந்த குழம்பின் எச்சங்கள். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வி. இராஜாமணியும் அவருடன் உழைத்தோரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்கிற்று. இந்தப் பாறைப் பட்டை தெற்கே நீண்டு கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு எல்லை வரை வருகிறது. ஆழத்திலிருந்து வந்த வெந்நீர், தங்கத்தைக் கரைத்துச் சுமந்து, பாறைப் பிளவுகளில் குவார்ட்ஸ் எனும் வெள்ளைக் கல்லோடு படியவிட்டது. ஆயிரம் டன்னில் ஒரு கிராமாகச் சிதறிக் கிடந்தது, டன்னுக்குச் சில கிராம் என்று திரண்டது இவ்வாறே.

அப்படித் திரண்டதையும் மனிதன் சும்மா பெறவில்லை. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து மூச்சுத் திணறி மாண்ட தொழிலாளர் பலர். அரைத்து ஒதுக்கிய கழிவு, மலை மலையாக இன்றும் தங்கவயலில் நிற்கிறது. காற்றடித்தால் அதன் தூசு வீடுகளுக்குள் புகுகிறது.

இத்தனை தடைகளைத் தாண்டி வந்ததுதான் உங்கள் கையிலிருக்கும் அந்த நகை. பாதாளம் விழுங்காமல் விட்டது சிறிது. பாறை சேர்த்துத் தந்தது அதில் சிறிது. உழைப்பாளி உயிரைக் கொடுத்து எடுத்தது அதிலும் சிறிது. இவ்வளவு அரிய பொருளைப் பவுன் கணக்கில் கேட்டு ஓர் ஏழைத் தகப்பனை வாட்டுவது தகுமா? அடுத்த முறை தராசில் பொன் வைக்கப்படும்போது, அதன் மறு தட்டில் இருப்பது என்ன என்பதையும் சிந்திப்போமாக!