ஈயச் சிப்பாயில் எந்த ஈயம்?

ஈப்போவில் ‘ஈயம்’ என்றதும் கிந்தா சுரங்கங்களின் வெள்ளீயம்தான் நம் நினைவுக்கு வரும். பாத்திரத்துக்குப் பூசும் அந்தத் தூய ஈயத்தால் தீங்கில்லை. பழைய பொம்மைச் சிப்பாய்களில் இருப்பதோ பெரும்பாலும் காரீயம்; அது நஞ்சு.

1893-இல் இலண்டன் பிரிட்டன் நிறுவனத்தார், உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும் நடுவிலுள்ளதைத் திரும்பக் கொட்டிவிட்டனர். உள்ளே கூடான சிப்பாய் கிடைத்தான். உலோகம் மிச்சம், விலையும் மலிவு! 1953 முடிசூட்டு விழாவுக்கு லெஸ்னி நிறுவனம் வார்த்த குட்டிச் சாரட்டு வண்டி துத்தநாகக் கலவை. பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது.

இவற்றைச் சேர்ப்பவர்கள் காரீயச் சிப்பாயை மூடிய மரப்பெட்டியில் அடைக்க வேண்டாம். மரத்திலிருந்து கசியும் அமில ஆவியும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து அதை வெண்பொடியாக அரித்துவிடும். தொட்டபின் கைகழுவுங்கள், குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்காதீர்கள்.