அச்சுப்பொறியின் இரைச்சலும் எளிய பராமரிப்பும்

வீட்டில் பயன்படும் அச்சுப்பொறி (பிரிண்டர்) நாளடைவில் வழக்கத்துக்கு மாறான சத்தம் எழுப்புவதுண்டு. தூசி, கிழிந்த காகிதத் துண்டு, சரியாகப் பொருந்தாத மைப்பெட்டி (கார்ட்ரிட்ஜ்) போன்ற சிறு காரணங்களை வீட்டிலேயே சரிசெய்யலாம். கவனிக்காமல் தொடர்ந்து இயக்கினால் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் உடைந்து, சிறு குறை பெரிய செலவில் முடியக்கூடும்.

இயல்பான ஒலிகள்

எல்லாச் சத்தமும் பழுதன்று. மைவீச்சு (இங்க்ஜெட்) அச்சுப்பொறியை இயக்கியதும், மைத்தலை இடவலமாக நகர்ந்து தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அப்போது சில விநாடிகள் எழும் உறுமலும் 'டக்' ஒலியும் இயல்பானவை. லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்டு முடிந்த பின்னும் விசிறி சிறிது நேரம் சுழலும்.

சத்தமும் காரணமும்

* கடகட ஒலி: உள்ளே விழுந்த ஊசி, காகிதக் கவ்வி அல்லது சிக்கிய காகிதம்.
* கிறீச்சொலி: காகிதத்தை இழுக்கும் ரப்பர் உருளையில் படிந்த தூசி, அல்லது மைத்தலை நகரும் தண்டில் மசகு காய்ந்துபோதல்.
* மைத்தலை ஓரத்தில் இடிக்கும் ஒலி: பாதையில் தடை, அல்லது தலையின் இடத்தை அறிய உதவும் ஒளிபுகும் மெல்லிய பட்டையில் அழுக்கு.
* அதிர்வு: சமமில்லாத மேசை.

செய்முறை

1. முதலில் அச்சுப்பொறியைச் சமதளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இதனாலேயே சத்தம் நின்றால் திறக்கத் தேவையில்லை.
2. அச்சுப்பொறியிலுள்ள பொத்தானால் நிறுத்தி, இயக்கம் ஓய்ந்த பின் மின்செருகியைக் கழற்ற வேண்டும். நேரடியாக மின்சாரத்தைத் துண்டித்தால் மைத்தலை மூடியின்கீழ் சென்று ஒதுங்காமல், மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.
3. மூடியைத் திறந்து, கைவிளக்கின் ஒளியில் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். சிக்கிய காகிதத்தை இரு கைகளாலும், கூடியவரை அது செல்லும் திசையிலேயே, மெதுவாக இழுக்க வேண்டும். கிழிந்த துண்டு உள்ளே தங்கினால் சத்தம் மீண்டும் வரும்.
4. நூலிழை உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து, நன்கு பிழிந்து, ரப்பர் உருளைகளைச் சுற்றிலும் துடைத்து உலரவிட வேண்டும்.
5. மைப்பெட்டி அதன் இடத்தில் உறுதியாகப் பொருந்தியுள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும்.
6. காகிதக் கட்டை விசிறிப் பிரித்து, ஓரங்களைச் சமன்செய்து தட்டில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கும்.

தவிர்க்க வேண்டியவை

தேங்காய் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களை இடக்கூடாது. அவை பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். கையேடு அனுமதித்தால் மட்டும், அதில் குறிப்பிட்ட மசகைச் சிறிதளவு தண்டில் தடவலாம். ஒளிபுகும் பட்டையை அழுத்தித் தேய்க்கக்கூடாது. அதிலுள்ள நுண்கோடுகள் அழிந்தால் மைத்தலை தடுமாறும். ஓரத்தில் பூட்டி நிற்கும் மைத்தலையை வலிந்து தள்ளுவதும் தவறு.

லேசர் அச்சுப்பொறியில் மைத்தூளை உருக்கித் தாளில் பதிக்கும் பகுதி ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வரை சூடாகும். அது முற்றிலும் ஆறும் வரை உள்ளே கைவிடக்கூடாது. சிந்திய மைத்தூளை வாயால் ஊதவும் கூடாது. அது மூச்சில் கலக்கும்.

இவற்றுக்குப் பின்னும் கடகடவொலி நீடித்தால் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். அந்நிலையில் இயக்குவதை நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவது நல்லது. பயன்படுத்தாதபோது அச்சுப்பொறியைத் துணியால் மூடிவைப்பது தூசி சேர்வதைப் பெரிதும் குறைக்கும்.