பெங்களூர் தக்காளிக்குப் பின்னால் ஒரு விதை வியாபாரி



காலையில் கடை திறந்து தக்காளியைக் கொட்டி வைத்தவுடன் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, "இது நாட்டுத் தக்காளியா, பெங்களூர் தக்காளியா?" என்பதுதான். ரசத்துக்கு என்றால் நாடு, இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பெங்களூர் என்று நாமும் சொல்லி எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஒன்று ஏன் சீக்கிரம் கசிகிறது, மற்றொன்று ஏன் கல்லுப்போல் நிற்கிறது என்று நம்மில் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. அதற்குக் காரணம் விதையில் இருக்கிறது. அந்த விதைத் தொழிலை நம் நாட்டில் தொடங்கி, வாழ்நாள் முழுவதும் அதையே செய்து மறைந்த ஒருவரைப் பற்றி நம் சங்க உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் டாக்டர் மன்மோகன் அத்தாவர். 1932இல் பிறந்தவர். 1965ஆம் ஆண்டு பெங்களூரில் 'இண்டோ அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நம் தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அதே 1965தான். அப்போது அவருக்கு வயது 33. அதன்பின் 2017 டிசம்பரில் மறையும்வரை ஏறத்தாழ 52 ஆண்டுகள் விதையும் நாற்றும்தான் அவர் தொழில். 1998இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

பூவில் தொடங்கிய வியாபாரம்

அவர் எடுத்த எடுப்பில் காய்கறி விதைக்குப் போகவில்லை. பெட்டூனியா முதலிய பூச்செடிகளின் கலப்பின விதையை உண்டாக்கி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதுதான் தொடக்கம். இதில் வியாபாரக் கணக்கு ஒன்று இருக்கிறது. கலப்பின விதை என்பது ஒவ்வொரு பூவாகக் கையால் செய்யும் வேலை. கூலி மிகுந்த நாட்டில் அது கட்டாது. நம் பக்கத்திலோ கைவேலைக்கு ஆள் உண்டு. பெங்களூர்ச் சீமையின் குளிர்ந்த தட்பவெப்பமும் பூவுக்கு ஏற்றது. அதைக் கொண்டே தொழிலுக்கு அடித்தளம் போட்டார். ஏற்றுமதியில் கைவரிசை படிந்த பிறகு, 1973இல் 'கர்நாடகா' என்ற கலப்பினத் தக்காளியையும் 'பாரத்' என்ற கலப்பினக் குடைமிளகாயையும் நம் நாட்டு விவசாயிகளுக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டில் காய்கறிக் கலப்பின விதை வியாபார முறையில் பரவியது இவற்றிலிருந்துதான். பின்னர் ரூபாலி, வைசாலி, ரஷ்மி என்று பல ரகங்கள் வந்தன. பழைய மண்டிக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் நினைவிருக்கும்.

கலப்பினம் என்றால் என்ன?

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. விட்டுவிட்டால் தானே மகரந்தம் சேர்ந்து காய்த்துவிடும். அதனால் தாய்க்குரிய குணமே பிள்ளைக்கும் வரும். கலப்பினம் செய்கிறவர், ஒரு நல்ல குணமுள்ள செடியைத் தாயாகவும் வேறொரு நல்ல குணமுள்ள செடியைத் தந்தையாகவும் தேர்ந்தெடுக்கிறார். தாய்ச் செடியில் மறுநாள் மலரப்போகும் மொட்டை முதல்நாள் மாலையே பிரித்து, சிறு இடுக்கியால் அதிலுள்ள மகரந்தப் பைகளை எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் தந்தைச் செடியின் மகரந்தத்தை அந்தப் பூவின் சூலக நுனியில் தொட்டு வைக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு பூவுக்கும் செய்தாக வேண்டும். பழம் முதிர்ந்ததும் விதையை எடுத்து, புளிக்க வைத்து, கழுவி உலர்த்தினால் அதுவே கலப்பின விதை. கர்நாடகத்தில் இராணிபென்னூர் வட்டாரத்தில் இன்றைக்கும் ஏராளமான குடும்பங்கள் இந்த வேலையைச் செய்துவருகின்றன.

ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 300 தக்காளி விதைகள் இருக்கும். இத்தனை கைவேலை இருப்பதால்தான் 10 கிராம் பாக்கெட்டின் விலையைக் கேட்டால் நமக்கே மலைப்பாக இருக்கிறது. ஆனால் ஏக்கருக்குத் தேவைப்படும் அளவு குறைவு. சாதாரண ரகம் என்றால் 120 முதல் 140 கிராம் வரை வேண்டும். கலப்பினம் 40 முதல் 60 கிராம் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலப்பினப் பழத்திலிருந்து விதையெடுத்து மறுபடி விதைத்தால் அதே பழம் வராது. தாத்தா குணம் ஒன்றில், பாட்டி குணம் ஒன்றில் என்று பிரிந்துபோய், சிறிதும் பெரிதுமாகக் காய்க்கும். ஆகவே விவசாயி ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதைக்காகக் கடைக்கு வரவேண்டியிருக்கிறது. விதை வியாபாரிக்கு இது நிலையான வியாபாரம். விவசாயிக்கு நிலையான செலவு. இரண்டும் உண்மைதான்.

நமக்கு என்ன கிடைத்தது, எது போயிற்று?

நான் பள்ளிப் படிப்பை முடித்து 1979இல் என் தந்தையாரின் மண்டிக்கு வந்தேன். அந்நாளில் தக்காளி மூங்கில் கூடையில் வரும். அடியில் வைக்கோலும் இலையும் பரப்பி, மேலே சாக்கு வைத்துத் தைத்திருப்பார்கள். பாலக்கோட்டிலிருந்து சேலம் போய்ச் சேருவதற்குள் அடிக்கூடைச் சரக்கு சாறாகி ஒழுகும். "தக்காளி வியாபாரம் பனிக்கட்டி வியாபாரம் மாதிரி, கைமாறுவதற்குள் கரைந்துவிடும்" என்பார் தந்தையார். கூடைக்கு இவ்வளவு கழிவு என்று முதலிலேயே தள்ளித்தான் விலை பேசுவோம்.

கெட்டித் தோல் கலப்பினங்கள் பரவியபின் அந்த நிலை மாறிவிட்டது. ஒரே அளவான காய், கெட்டித் தோல், சதைப்பற்று ஆகியவற்றால் பெட்டி பெட்டியாக அடுக்கி ஏற்ற முடிந்தது. பாலக்கோடு, இராயக்கோட்டை மண்டிச் சரக்கு சென்னைக்கும் கேரளத்துக்கும் லாரியில் போவதற்கு இந்தத் தோலும் ஒரு காரணம். சில்லறைக் கடைக்காரருக்கும் கழிவு குறைந்தது. இந்த வகையில் ஒரு விதை வியாபாரியின் உழைப்பு நம் ஒவ்வொருவரின் பேரேட்டிலும் வரவாக ஏறியிருக்கிறது.

இழந்ததும் உண்டு. நாட்டுத் தக்காளியின் புளிப்பு பெங்களூர்த் தக்காளியில் இல்லை என்று தாய்மார்கள் சொல்வது பொய்யல்ல. தூரம் போகவும் நாள் தாங்கவும் ரகத்தைத் தேர்ந்தால் நாக்குக்கு உரியது பின்னுக்குப் போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ரகத்தைப் பயிரிட்டால் வரத்து குவிந்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டும் காட்சியையும் நம் மாவட்டத்தில் பார்த்திருக்கிறோம். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசு நியாய விலைக் கடைகளில் வைத்து விற்க வேண்டி வந்ததையும் பார்த்தோம். விதை விளைச்சலைத்தான் கூட்டும். விலையை நிலைநிறுத்துவது அதன் வேலையல்ல.

கலப்பினம் ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் கலப்பினம் அல்ல. தொலைதூரம் அனுப்பவும் அது தாங்கும். விவசாயி தானே விதையெடுத்துக்கொள்ளலாம். பெங்களூர் அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் 'அர்கா ரக்ஷக்' என்ற கலப்பினத்தைத் தந்திருக்கிறது. 1988இல் மத்திய அரசு புதிய விதைக் கொள்கையைக் கொண்டுவந்து, காய்கறி, பூ விதைகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வழிவிட்டது. அதன்பின் கம்பெனிகள் பெருகின. போட்டியும் பெருகியது. அதற்கு முன்பே களத்தில் நின்று விவசாயியிடம் பெயர் வாங்கியிருந்தது அத்தாவரின் நிறுவனம். காய்கறி விதையோடு நிற்காமல், திசு வளர்ப்பு நாற்றுகள், அலங்காரச் செடிகள் என்று நாற்றுப்பண்ணைத் தொழிலிலும் அது இறங்கியது.

நான் செய்த பிழை

விதை வியாபாரம் நம் வியாபாரத்தைப் போன்றதல்ல. பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். எண்ணெயை முகர்ந்து பார்க்கலாம். 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. விதையிலோ முளைக்குமா என்பது ஒரு வாரம் கழித்தும், சொன்ன ரகம்தானா என்பது இரண்டு மூன்று மாதம் கழித்தும்தான் தெரியும். அதற்குள் உழவு, உரம், தண்ணீர், கூலி எல்லாம் விவசாயி செலவழித்திருப்பார்.

இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். 1990களின் நடுவில், உரிமம் பெற்று, மளிகையோடு விதைப் பாக்கெட்டுகளும் வைத்து விற்றேன். ஒரு கோடையில் மீந்துபோன பாக்கெட்டுகளைத் தகரக் கொட்டகையில் சர்க்கரை மூட்டைமேல் வைத்திருந்தேன். அடுத்த பட்டத்துக்கு ஒரு விவசாயி வந்து தக்காளி விதை கேட்டார். பாக்கெட்டில் போட்டிருந்த நாள் கடந்திருந்தது. "சில நாள்தானே, என்ன ஆகிவிடும்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். கம்பெனிமேல் குற்றமில்லை. குற்றம் முழுக்க என்னுடையது.

பதினைந்து நாள் கழித்து அவர் வந்தார். சத்தம் போடவில்லை. காலிப் பாக்கெட்டை மேஜைமேல் வைத்து, "பத்துக்கு மூன்றுதான் முளைத்தது, முதலாளி. நாற்றங்காலுக்குத் தண்ணி விட்டதுதான் மிச்சம்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஆனால் பட்டம் தவறிப்போனதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உப்பு, புளிக்குக்கூட அவர் மறுபடி என் கடைக்கு வரவில்லை. அவர் ஊர்க்காரர்களும் வரவில்லை. அந்த வருஷமே விதை விற்பதை நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகுதான் எனக்கு அத்தாவர் போன்றவர்களின் அருமை புரிந்தது. அரை நூற்றாண்டு விதை விற்பது என்றால், முகம் தெரியாத இலட்சக்கணக்கான விவசாயிகள் பட்டத்துக்குப் பட்டம் அந்தப் பெயரை நம்பி மண்ணில் பணத்தைப் போட்டார்கள் என்று பொருள். ஒரு பட்டம் ஏமாற்றினால் மறுபட்டம் வரமாட்டார்கள். இந்தத் தொழிலில் முதல் என்பது கட்டடமோ ரொக்கமோ அல்ல, பாக்கெட்டின்மேல் எழுதியது உள்ளே இருக்கும் என்ற பேச்சுதான்.

விதை விற்கும் கடைக்காரர் கவனத்துக்கு

நம் உறுப்பினர்களில் கிராமக் கடைக்காரர்கள் பலர் விதைப் பாக்கெட்டும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில விஷயங்கள்.

1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் இல்லாமல் விதை விற்கக் கூடாது. பில்லில் ரகத்தின் பெயர், குவியல் எண், காலாவதி நாள் மூன்றையும் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தையும் பெறுங்கள்.

சான்று விதைக்கு நீல அட்டை. உண்மைநிலை விதைக்குப் பச்சை அட்டை. தக்காளி விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம். பொதுவாகப் பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம் வரைதான் அட்டை செல்லும். நாள் கடந்ததைத் தனியே எடுத்து வைத்துக் கம்பெனிக்குத் திருப்புங்கள்.

விதைக்கு உயிர் உண்டு. வெயிலும் ஈரமும் அதைக் கொன்றுவிடும். தகரக் கூரையடியிலும், உரம், பூச்சிமருந்து அருகிலும் வைக்க வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்துச் சில்லறையாக அளந்து கொடுக்கவே கூடாது.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருக்கிறது. விதை பொய்த்தால் அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். அதே சமயம், 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, தன் விளைச்சலில் விதை எடுத்து வைக்கவும், மாற்றிக்கொள்ளவும், கம்பெனிப் பெயர் போடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. அதைத் தவறு என்று யாரும் அவரை மிரட்டக் கூடாது.

இப்போது பல விவசாயிகள் விதை வாங்குவதில்லை. நாற்றுப்பண்ணையில் 98 குழித் தட்டுகளில், தேங்காய் நார்க் கழிவில் வளர்த்த 25 நாள் நாற்றாகவே வாங்கி நடுகிறார்கள். அங்கே அவர் பாக்கெட்டையும் பார்ப்பதில்லை, அட்டையையும் பார்ப்பதில்லை. நாற்று விற்பவரின் முகத்தை மட்டுமே பார்த்துப் பணம் கொடுக்கிறார். எந்தக் குவியல் விதையில் வளர்ந்த நாற்று என்று பில்லில் எழுதித் தருவது பண்ணைக்காரருக்கும் பாதுகாப்பு, விவசாயிக்கும் பாதுகாப்பு.

நாளைக் காலையில் யாராவது "இது நாடா, பெங்களூரா?" என்று கேட்டால், பெட்டியில் என்ன இருக்கிறதோ அதையே சொல்லுங்கள். நாட்டுத் தக்காளி என்று சொல்லிக் கலப்பினத்தைத் தள்ளிவிட்டால், அன்று மதியம் ரசம் வைக்கும்போதே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். விதையைப் போல மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.